பாட்டை மங்கலாக்க முடியாது

புகார் வரும் வீடியோக்களைப் பார்த்து நீக்கும் ஒப்பந்த வேலையில் நான் இருந்தது 2014, 15 வாக்கில். சேர்ந்த வாரமே சீனியர் ஒருவர் சொன்னார்: "படத்தை மங்கலாக்கிக்கலாம் தம்பி, கறுப்பு வெள்ளையா மாத்திக்கலாம். பாட்டை மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் சொன்னது தீவிரவாத வீடியோக்களில் பின்னணியில் ஓடும் நஷீத் என்ற பாட்டை. நஷீத் என்றாலே தீவிரவாதப் பாட்டு இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் கல்யாணத்திலும் ரம்ஜானிலும் பாடுகிற சாதாரண பக்திப் பாட்டுதான். 1970களில் எகிப்திலும் சிரியாவிலும் இஸ்லாமிய இயக்கங்கள் அதை அரசியலுக்கு இழுத்துவந்தன, ஆப்கன் போரில் கேசட்டாகச் சுற்றியது, 2013இல் ஐஎஸ் தீவிரவாத அமைப்பு இந்தப் பாட்டுகளுக்கென்றே அஜ்னாத் என்று தனிப் பிரிவு தொடங்கிவிட்டது. இவர்கள் பாட்டில் வாத்தியம் மட்டும் கூடவே கூடாது. தாலிபான்கள் 1990களில் இசைக் கேசட்டைப் பிடுங்கி நாடாவை உருவிச் சோதனைச்சாவடியில் தோரணம் கட்டியவர்கள், ஆனால் தரானா என்கிற வாத்தியமில்லாத பாட்டு அவர்கள் ஆட்சியிலும் ஓடியது. தபேலா ஹராம், துப்பாக்கிச் சத்தம் ஹலால் என்று எங்கள் டீமில் ஒரு கசப்பான ஜோக் உண்டு. உண்மையும் அதுதான்: குரலை அடுக்கடுக்காகப் பதிவு செய்து, தாளம் வேண்டிய இடத்தில் வாள் உரசலையும் பூட்ஸ் காலடியையும் வைத்துவிடுவார்கள்.

2014இல் வந்த 'ஸலீல் அஸ்ஸவாரிம்', அதாவது வாள்களின் ஓசை, எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் எகிப்துக்காரர்கள் அதையே பெல்லி டான்ஸ் இசையோடு கலந்து ஆடிக் கிண்டலடித்தார்கள். அரபி தெரியாத நான் அந்த மெட்டைக் கேட்டதுமே அந்தக் கிண்டல் வீடியோக்களில் நாலைந்தை நீக்கித் திட்டு வாங்கினேன்.

ஒருநாள் வெறும் ஆடியோ ஒன்று வந்தது. வாளும் இல்லை, வெடியும் இல்லை, ஒரு பையனின் மெல்லிய குரல். மிரட்டல் பாட்டு என்றுதான் நினைத்தேன். பக்கத்து சீட்டில் அரபி தெரிந்த நண்பரிடம் கொடுத்தேன். முழுசாகக் கேட்டார், ஹெட்போனைக் கழற்றினார். "அம்மாகிட்ட சொல்லிட்டுப் போறான். அழாதேங்கிறான். அவ்வளவுதான்."

படிவத்தில் வன்முறை, வெறுப்பு, ஆள்சேர்ப்பு என்று மூன்று கட்டங்கள். முதல் இரண்டுக்கும் இதில் ஒரு வார்த்தைகூட இல்லை. கொஞ்ச நேரம் யோசித்து மூன்றாவதை டிக் செய்துவிட்டு டீ எடுக்கப் போனார். மெஷின் முன்னால் நின்றுகொண்டு அதே மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் அதை அவரிடம் சொல்லவில்லை.