நாலாவது ஆளின் பெட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் வேலை பார்க்கும் கடைக்கு வாரத்தில் ஒரு நாளாவது, குயீன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ரசிகர் யாராவது வந்துவிடுவார். கிரே ஸ்ட்ரீட் என்று எல்லாரும் இன்னும் சொல்கிற, டாக்டர் யூசுப் தாதூ தெரு என்று பலகை மாறிவிட்ட அந்தத் தெருவிலிருந்து இரண்டு சந்து தள்ளி எங்கள் கடை. ரேடியோ, ரெக்கார்ட் பிளேயர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் பழுது பார்க்கிறோம். வருகிறவர் கையில் ஊசி தேய்ந்த பிளேயரோ ஹம் அடிக்கிற ஆம்ப்ளிஃபையரோ இருக்கும். கொடுத்துவிட்டு உடனே போகமாட்டார். பாட்டைப் பற்றி ஐந்து நிமிஷம், அந்த நாலு பேரைப் பற்றி அரை மணி நேரம். பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி இறந்துபோன பிறகு கிட்டார்காரர் பிரையன் மேயும் டிரம்ஸ்காரர் ரோஜர் டெய்லரும் எப்படிச் சேர்ந்தே இருக்கிறார்கள், ஜான் டீக்கன் ஏன் வெளியே வருவதில்லை, யாருக்கு யார் நெருக்கம் என்று, பெரியப்பா வீட்டு விஷயம் பேசுவது மாதிரி பேசுவார்கள்.

நான் திருநெல்வேலிப் பக்கம். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு 2006-இல் இங்கே வேலைக்கு வந்தேன். குயீனைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. முதலாளி அண்ணன்தான் சொல்லிக்கொடுத்தார். அவருடைய முன்னோர்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் போட்டுச் சென்னையில் கப்பலேறியவர்கள். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பாட்டியை ஆயா என்பார்.

முதல் பாடமே ரெக்கார்டைத் துடைப்பதுதான். தூசியைத் துடைத்து முடித்ததும், "தம்பி, நடுவுல லேபிளைப் படி" என்றார். பாட்டின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் எழுதியவர் பெயர் இருந்தது. ஒன்றில் மெர்க்குரி, ஒன்றில் மே, இன்னொன்றில் டெய்லர், வேறொன்றில் டீக்கன். நாலு பேருமே பாட்டு எழுதினார்கள், நாலு பேர் எழுதியதும் பெரிய அளவில் ஓடியது. 'வீ வில் ராக் யூ' மே எழுதியது, 'வீ ஆர் தி சாம்பியன்ஸ்' மெர்க்குரி, 'ரேடியோ கா கா' டெய்லர், 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்' டீக்கன். இப்படி ஒரு குழு அபூர்வம். அண்ணனுக்கு அதில் இருந்த பெருமை, தன் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரும் பாஸான மாதிரி.

சண்டையும் அந்தப் பொடி எழுத்தில்தான் இருந்தது. 1975-இல் 'போஹீமியன் ராப்சடி' சிங்கிள் தட்டாக வந்தபோது மறுபக்கத்தில் டெய்லர் எழுதிய பாட்டு இருந்தது. தட்டு விற்றால் இரண்டு பக்கத்துக்கும் சமமான பணம். உலகமே முன்பக்கத்துக்காக வாங்கியது, பின்பக்கத்தை எழுதியவருக்கும் அதே பங்கு போனது. யார் பாட்டு முன்பக்கம், யார் பாட்டு பின்பக்கம் என்பது வருஷக்கணக்கில் அவர்களுக்குள் புகைந்துகொண்டே இருந்தது. அப்புறம் 1989-இல் 'தி மிராக்கிள்' வந்தபோது தனிப்பெயர்களை எடுத்துவிட்டார்கள். யார் எழுதினாலும் குயீன் என்றே போட்டார்கள். மெர்க்குரியின் உடம்பு கெட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1991 நவம்பர் 24-ஆம் தேதி அவர் இறந்தார். பழைய ஆல்பம் ஒன்றின் லேபிளையும் 'தி மிராக்கிள்' லேபிளையும் அண்ணன் என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒன்றில் நாலு பெயர், இன்னொன்றில் ஒரே பெயர்.

இங்குள்ள நம் ஆட்களுக்கு மெர்க்குரி மேல் இருக்கும் ஒட்டுதலுக்கு வேறு காரணமும் உண்டு. அவர் பிறந்தது 1946-இல் சான்சிபாரில், பார்சி வீட்டில், ஃபரோக் புல்சாரா என்ற பெயரில். படித்தது மகாராஷ்டிரத்துப் பஞ்சகனியில். 1964-இல் சான்சிபாரில் புரட்சி வந்ததும் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. இந்தியாவில் வேர், ஆப்பிரிக்காவில் பிறப்பு, அப்புறம் இன்னொரு கடல். டர்பனில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய பகுதிகளான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருக்கிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பாசம் காயம் இல்லாதது இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். பீட்டில்ஸ், பிங்க் ஃபிளாய்ட் எல்லாம் வைத்திருக்கிறார், குயீன் மட்டும் ஒரு தட்டுகூட வாங்கியதில்லை. காரணம் சன் சிட்டி. நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில், வெளிநாட்டுக் கலைஞர்கள் இங்கே வந்து பாடக்கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை கேட்டுக்கொண்டிருந்தது. போபுத்தட்ஸ்வானா என்று ஒரு பொம்மை நாட்டை அரசே உண்டாக்கியது, அதற்குள் சன் சிட்டி என்ற சூதாட்ட விடுதி எழும்பியது, அங்கே பெரிய பெரிய பாடகர்களைக் காசு கொடுத்து வரவழைத்தார்கள். 1984 அக்டோபரில் குயீன் அங்கே வந்து பாடியது. பாதியில் மெர்க்குரிக்குத் தொண்டை கட்டிக்கொண்டு சில நாள் நிகழ்ச்சிகள் ரத்தாயின. ஊர் திரும்பியதும் அவர்கள் நாட்டு இசைக்கலைஞர் சங்கமே அபராதம் போட்டது. ஐக்கிய நாடுகளின் கறுப்புப் பட்டியலிலும் பெயர் ஏறியது.

ஆசிரியர் ஒரு நாள் சொன்னார்: "எங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு லாரியில ஏத்தி அனுப்புன கவர்மெண்ட் அது. அந்தக் கவர்மெண்ட் கொட்டகையில வந்து பாடிட்டாங்களே, தம்பி." அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் வந்திருக்கக்கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை கொடுத்தார்கள், பாட்டுக்கு நிறம் இல்லை என்றெல்லாம் சில ரசிகர்கள் வாதாடுவார்கள், எனக்கு அது ஒத்துவரவில்லை. 2003 நவம்பரில் கேப்டவுன் கிரீன் பாயிண்ட் மைதானத்தில், மண்டேலாவின் சிறை எண்ணான 46664-ஐப் பெயராக வைத்து எய்ட்ஸ் நிதிக்காக நடந்த கச்சேரியில் மேயும் டெய்லரும் வந்து வாசித்தார்கள். அதைச் சொன்னால் ஆசிரியர் தலையை ஆட்டுவார். தட்டு மட்டும் வாங்கமாட்டார். அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

சரி, நான் சொல்ல வந்தது டீக்கனைப் பற்றி.

நாலு பேரில் கடைசியாக வந்து சேர்ந்தவர் அவர், 1971-இல். பேஸ் கிட்டார். லண்டனில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து முதல் வகுப்பில் தேறியவர். அதனாலேயே எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். 'போஹீமியன் ராப்சடி'யில் அடுக்கடுக்காக வரும் அந்தக் குரல்கள் எல்லாம் மற்ற மூவருடையவை, டீக்கனுடைய குரல் அதில் இல்லை. 'யூ ஆர் மை பெஸ்ட் ஃபிரெண்ட்' பாட்டைத் தன் மனைவிக்காக எழுதினார். அதற்கு எலெக்ட்ரிக் பியானோ வேண்டியிருந்தது, மெர்க்குரிக்கு அந்த வாத்தியம் பிடிக்கவில்லை. டீக்கன் சண்டைக்குப் போகாமல் தானே வாசிக்கக் கற்றுக்கொண்டார். மெர்க்குரி போன பிறகு, 1997-க்கு மேல் மேடை ஏறவே இல்லை. 2001-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் கொடுத்தபோதும் அவர் போகவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் லண்டன் தெருவோரத்தில் ஒரு குப்பைத் தொட்டியில் ஒயர் நீட்டிக்கொண்டு கிடந்த சர்க்யூட் பலகை ஒன்றை டீக்கன் பார்த்தார். அது ஆம்ப்ளிஃபையர் பலகை என்று கண்டுபிடித்து எடுத்துவந்து, அலமாரியில் வைக்கும் அளவிலான ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குள் பொருத்தினார். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். திருக ஒரு குமிழ் கிடையாது. ஒரு வாட் கூட வராது. வீட்டில் வாசித்துப் பழகச் செய்துகொண்டது. அதைக் கேட்ட பிரையன் மே தன் கிட்டாரைச் செருகிப் பார்த்தார், அன்றிலிருந்து அது அவருடைய சுரங்கமாகிவிட்டது. மேயின் கிட்டாரும், கழுத்துக்குப் பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரத்தை இழைத்து அவரும் அவர் அப்பாவும் வீட்டிலேயே செய்தது. 'குட் கம்பெனி' பாட்டின் கடைசியில் கிளாரினெட்டும் டிராம்போனும் சேர்ந்த ஒரு ஜாஸ் குழு வாசிப்பது மாதிரி வருமே, அவ்வளவும் அந்தக் கிட்டாரும் இந்தப் பெட்டியும்தான். வரி வரியாகப் பதிந்து அடுக்கியது.

மே அந்தப் பெட்டியைப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தார், 'இன்னும் நன்றாக' ஆக்குகிறேன் என்று எதையும் மாற்றவில்லை. இதன் அருமை எனக்குத் தெரிந்தது நான் ஒரு தப்பு செய்த பிறகுதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், வாடிக்கையாளர் ஒருவர் பழைய சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கொடுத்தார். ஒரு ஒயர் விட்டிருந்தது, அவ்வளவுதான். நான் கெட்டிக்காரத்தனமாக உள்ளே இருந்த பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைக் கழற்றிவிட்டு அதற்குப் பின் வந்த சிலிக்கான் வகையைப் போட்டு, அவற்றுக்கு ஏற்ற மின் அளவெல்லாம் சரிசெய்து, சுத்தமான சத்தம் வரவைத்துக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தார். கோபப்படவில்லை. "இது நல்லாத்தான் இருக்கு, ஆனா இது அது இல்லையே" என்றார். கழற்றியதைக் குப்பையில் போட்டிருந்தேன். கடைப் பின்பக்கம் போய்த் தேடினேன், லாரி வந்து அள்ளிப்போயிருந்தது. ஜெர்மானியம் சூட்டுக்கு மாறும், கசியும், ஒன்று போல் ஒன்று இருக்காது. ஆனால் சத்தம் ஏறும்போது உடையாமல் மெல்ல வளையும். அந்த வளைவைத்தான் நான் தூக்கிப் போட்டிருந்தேன்.

அந்தக் குப்பைத் தொட்டிப் பலகை எங்கிருந்து வந்தது என்பது வெகுநாள் யாருக்கும் தெரியாமலே இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அது சூப்பர்சானிக் ரேடியோ ஒன்றின் பலகை என்று. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் செய்து விற்ற ரேடியோ அது. இதை முதன்முதலாகப் படித்த அன்று கடையில் ஓரமாகக் கிடந்த பழைய ரேடியோக்களை எல்லாம் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. அவரும் கூட வந்து பார்த்தார்.

சில வருஷம் கழித்து, சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவர் தன் பக்கியில், அதாவது பின்பக்கம் திறந்த சின்னச் சரக்கு வண்டியில், ஒரு சூப்பர்சானிக் ரேடியோவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அப்பாவின் ரேடியோ. அதைக் கழற்றி டீக்கன் பெட்டி மாதிரி ஒன்று செய்து தரவேண்டும் என்றார். எனக்கு மனசே இல்லை. ஓடக்கூடிய ரேடியோவைக் கொல்ல நான் இந்த வேலைக்கு வரவில்லை. "முதல்ல திறந்து பார்க்கிறேன் அண்ணே" என்று வாங்கிவைத்தேன்.

பின்மூடியைக் கழற்றினால், பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. ட்யூனிங் தகடுகள் கடற்காற்றில் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஸ்டேஷன் பிடிக்கும் பாகம் அனேகமாக முடிந்த கதை. ஆனால் சத்தம் பெருக்கும் பாகத்தில் மீட்டரை வைத்தபோது டிரான்சிஸ்டர்கள் உயிரோடு இருந்தன, இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் நன்றாக இருந்தன. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். துருவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுலதான் அப்பா காலையில நியூஸ் கேப்பார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "செய்ங்க" என்றார்.

வேலை நடந்த மூன்று வாரமும் சனிக்கிழமை தோறும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்களாம். ஒருவர் வீட்டுக் கராஜில் பயிற்சி. கல்யாண வீடுகளில் வாசித்தார்கள். ஒரு கல்யாணத்தில் வந்த பணத்தைப் பங்கு போட்டதில் பேச்சு முற்றி, எல்லாம் முடிந்துபோனது. பேஸ் வாசித்தவர் ஆஸ்திரேலியா போய்விட்டார், டிரம்ஸ்காரர் இறந்துவிட்டார். "குயீன்ல மட்டும் சண்டை இல்லாமலா இருந்துச்சு? ஆனா எங்களுக்கு உட்கார்ந்து பேசத் தெரியல" என்றார். கடைக்கு வரும் ரசிகர்கள் அந்த நாலு பேரின் சண்டையையும் சமாதானத்தையும் ஏன் இவ்வளவு துருவித் துருவிப் பேசுகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் சரியாகப் பிடிபட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து பேசிய எத்தனையோ முகங்கள் ஞாபகம் வந்தன.

பெட்டி தயாரான சனிக்கிழமை லோட்ஷெடிங். தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. சிக்னல் விளக்கும் செத்து, வெளியே ஒரே ஹாரன் சத்தம். எங்கள் பெட்டிக்குத்தான் பேட்டரி இருந்ததே. ஒயரைக் கிளிப்பில் மாட்டினேன். லேசான இரைச்சல், காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கும். அவர் கிட்டாரைச் செருகி ஒரே ஒரு நோட்டை மெதுவாக இழுத்தார். கம்பி மாதிரியே இல்லை. குழல் மாதிரி, தொண்டையிலிருந்து வருவது மாதிரி இருந்தது. ஓங்கி மீட்டினால் உடையவில்லை, வளைந்தது. எதிர்க் கடைக்காரர் டார்ச்சோடு வாசலில் வந்து நின்றுவிட்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு பதினைந்து நிமிஷம் யாரும் பேசவில்லை.

அவர் பெட்டியை அதே துண்டில் சுற்றி முடித்ததும், பில் புத்தகத்தை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் வைத்து, "பேர் என்ன போடட்டும் அண்ணே?" என்று கேட்டேன்.

தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டு, அந்தக் கலைந்துபோன குழுவின் பெயரைச் சொன்னார். எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினேன்.