பழைய ஃபிரிட்ஜில் ஒரு பீர் குழாய்

மெல்பர்னில் எங்கள் கராஜில் சும்மா நின்ற பழைய ஃபிரிட்ஜின் கதவில் இப்போது ஒரு குழாய் இருக்கிறது. இரண்டு வருடமாக வீட்டில் பீர் காய்ச்சுகிறேன். ஒவ்வொரு தடவையும் 19 லிட்டர். அதற்கு ஐம்பது பாட்டில் கழுவி, நிரப்பி, மூடி போடுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும். கெக்கில், அதாவது பீரை அடைத்துவைக்கும் பெரிய உலோகப் பாத்திரத்தில், ஊற்றினால் கழுவ வேண்டியது அது ஒன்றுதான்.

முதல் வாரம் துளை போடும் வேலை. பக்கச் சுவரில் போடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நல்லவேளை, தொட்டுப் பார்த்தேன், சுட்டது. பல ஃபிரிட்ஜ்களில் சூடான வாயு ஓடும் குழாய் அந்தத் தகட்டுக்குப் பின்னால்தான் போகிறது. டிரில் அதில் பட்டால் ஃபிரிட்ஜ் அவ்வளவுதான். பின்பக்கச் சீட்டில் ஆர்600ஏ என்று போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும், அது தீப்பிடிக்கும் வாயு. என் ஃபிரிட்ஜின் கதவுக்குள் அப்படி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அங்கே 22 மி.மீ. துளை போட்டேன்.

அடுத்து, கெக்கிலிருந்து பீரைக் குழாய்க்குத் தள்ளவும் அதில் வாயு கரைந்திருக்கவும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். ரெகுலேட்டர் மாட்டும் இடத்தில் வாஷர் போட மறந்து, ஒரே இரவில் சிலிண்டர் காலி. இந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். காலையில் கராஜ் கதவை முழுசாகத் திறந்துவிட்டு வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே போனேன். இப்போது ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்க்காமல் விடுவதில்லை.

அப்புறம்தான் நுரை. 3 டிகிரி குளிர், 12 பி.எஸ்.ஐ. அழுத்தம், எல்லாம் சரி. ஆனால் குழாயைத் திறந்தால் கிளாசில் முக்கால்வாசி நுரை. அழுத்தத்தைக் குறைத்தேன், இன்னும் மோசம். பீரில் கரைந்திருந்த வாயு, கெக்கிலிருந்து குழாய்க்குப் போகும் டியூபுக்குள்ளேயே குமிழாகப் பிரிந்தது, நாலு நாளில் பீரும் சப்பென்று ஆகிவிட்டது. குறை டியூபின் நீளத்தில் இருந்தது. 5 மி.மீ. உள்விட்டமுள்ள டியூப் வெறும் 1.5 மீட்டர்தான் போட்டிருந்தேன். மெல்லிய டியூபில் நெடுந்தூரம் உரசிக்கொண்டு வந்தால்தான் பீரின் வேகம் அடங்கும். 3 மீட்டராக மாற்றி, மறுபடி 12-க்கு ஏற்றினேன்.

முதல் கிளாஸ் மட்டும் அப்போதும் பொங்கியது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் கீழே 3 டிகிரி, டியூப் சுருண்டு கிடந்த மேல்தட்டில் 9. வெயிலில் கிடந்த சோடா பாட்டில் சீறுகிற அதே கதைதான். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன ஃபேனை உள்ளே ஓடவிட்டேன், குளிர் மேலும் கீழும் ஒன்றானது. நேற்று முதல் கிளாசே இரண்டு விரல் நுரையோடு தெளிவாக இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஊற்றிக் கொடுத்தேன்.

கதவில் இன்னொரு குழாய்க்கு இடம் விட்டிருக்கிறேன், பிள்ளைகளுக்கு இஞ்சி சோடா. சோடாவுக்கு 30 பி.எஸ்.ஐ. பக்கம் வேண்டும், அதனால் டியூப் இதைவிட இரண்டு மடங்கு நீளமாக வாங்கணும்.