ஓடுற தோல் ஷாப்ல மெயின் பேனல் வேலைக்கு பிளான் போட்ட அனுபவம்

மேல்விஷாரம் பக்கம் ஒரு தோல் ஷாப்ல (தோல் பதனிடற ஆலை) புதுசா பினிஷிங் ஷெட் கட்டினாங்க, எலக்ட்ரிகல் வேலை எங்களுது. ஷெட்டுக்குள்ள வயரிங் எல்லாம் பிரச்சினை இல்லாம முடிஞ்சுது. புது கேபிளை பழைய மெயின் பேனல்ல கொண்டுபோய் கட்டுறதுதான் பாக்கி. ஓனர் பாய், "இன்னாபா, ஒரு கேபிள்தானே, ஓடிகினு இருக்கசொல்லவே கட்டிட முடியாதா"ன்னு கேட்டார். அவர் பயத்துல நியாயம் இருக்கு. டிரம்ல தோல் ஊறிகிட்டு இருக்கும்போது பாதியில நின்னா கறை பிடிச்சு லாட் மொத்தமும் போயிடும், அது லட்சக்கணக்குல போற விஷயம்.

நான் அவரை டிரான்ஸ்பார்மர் கிட்ட கூட்டிட்டுப் போய் நேம்பிளேட்டை காட்டினேன். 250 கேவிஏ, இம்பீடன்ஸ் (ஷார்ட் ஆனா கரண்ட்டை தடுக்கற அளவு) 4.5 சதவீதம்தான். அதாவது பேனலுக்குள்ள கரண்ட் போற உலோகப் பட்டை, அதான் பஸ்பார், அது கிட்ட ஸ்பேனர் நழுவி ரெண்டு ஃபேஸை சேர்த்துதுன்னா ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், அந்த இடத்துல வர்ற ஆர்க்கோட (காத்து வழியா பாயற மின்பொறி) சூடு சூரியனோட மேல்பரப்பை விட ஜாஸ்தி. ரப்பர் கிளவுஸ் ஷாக்கைத்தான் தடுக்கும், முகத்துல அடிக்கிற அந்த நெருப்பை தடுக்காது. பேனலுக்கு முன்னாடி நிக்கப்போறது கல்யாணமாகி ஆறு மாசம் ஆன பையன் பாய்னு சொன்னேன். அதுக்கப்புறம் லைவ்ல கட்டுற பேச்சையே அவர் எடுக்கல.

வெள்ளிக்கிழமை ஷாப் லீவு, வியாழன் ராத்திரியே டிரம்மை காலி பண்ணிடறேன்னு புரொடக்‌ஷன்ல ஒத்துக்கிட்டாங்க. ஆனா கழிவுநீர் பிளான்ட்ல ப்ளோயர் நிக்கக்கூடாது, காத்து இல்லன்னா தொட்டில இருக்கற பாக்டீரியா செத்துடும். சரி, அதை மட்டும் ஜெனரேட்டர்ல ஓட்டலாம்னு முடிவாச்சு. உண்மையான பிளானிங்கே இங்கதான் ஆரம்பிச்சுது, ஏன்னா ஒரு பக்கம் ஜெனரேட்டர் ஓடும்போது இன்னொரு பக்கம் பஸ்பார்ல கை வைக்கணும்.

பேனல் ரூம்ல மாட்டியிருந்த டிராயிங் மஞ்சளாகி கிழிஞ்சு கிடந்துது, அதை நம்பல. அங்கயே பல வருஷமா இருக்கற எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தரை கூட வச்சுகிட்டு கேபிள் கேபிளா நடந்தே பார்த்தோம், கரண்ட் எங்கெங்கிருந்து வருதுன்னு. ஈபி ஒண்ணு. ஜெனரேட்டர் ஒண்ணு. கூரை மேல சோலார், ஈபி போனா இன்வெர்ட்டர் தானா நின்னுடும், ஆனா சோலார் பேனல்ல இருந்து இறங்குற டிசி வயர் வெயில் இருக்கற வரைக்கும் லைவ்தான், நம்ம ஊர் வெயிலுக்கு கேக்கவே வேணாம். அப்புறம் கெப்பாசிட்டர் பேங்க், ஆஃப் பண்ணாலும் கொஞ்ச நேரம் சார்ஜ் உள்ளயே நிக்கும். இன்னொண்ணு நிறைய பேர் விடுறது: மெயின் பிரேக்கரை ஆஃப் பண்ணாலும் அதோட மேல் டெர்மினல் லைவ்ல இருக்கும். அதனால டிரான்ஸ்பார்மருக்கு முன்னாடி இருக்கற எச்டி (ஹை டென்ஷன்) பிரேக்கரையே ஆஃப் பண்ணி பூட்டணும்னு எழுதினோம்.

பிளான் ஒரே பக்கம்தான். யார் எதை ஆஃப் பண்றது, பூட்டு எங்க, யார் நிறுத்துன்னு சொன்னா வேலை நிக்கும், அவ்வளவுதான். பேனல்ல வேலை செய்யற ஒவ்வொருத்தரும் சொந்தமா ஒரு பூட்டு போட்டு சாவியை அவங்கவங்க பாக்கெட்லயே வச்சுக்கணும், எனக்கு கூட தரக்கூடாது. யாருக்காவது ஷாக் அடிச்சா கையால இழுக்காம முதல்ல சப்ளையை எப்படி கட் பண்றது, நெஞ்சை அமுக்கத் தெரிஞ்சவங்க யார் யார், 108க்கு யார் போன் பண்றது, கீழ்மின்னல்ல இருக்கற சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு போக கேட் திறந்து வழி விடறது யார்னு அதுலயே பேரோட எழுதியாச்சு.

அன்னிக்கு காலைல முதல் வேலை, உடம்புல இருக்கற உலோகத்தை எல்லாம் கழட்டச் சொன்னது. மோதிரம், செயின் எல்லாரும் கழட்டிட்டாங்க. செப்புக் காப்பு கழட்ட ஒரு தம்பி தயங்கினான், கோயில்ல போட்டதாம். வற்புறுத்தாம அவனை வெளிய ஜெனரேட்டர் கிட்ட நிக்க வச்சோம். வெள்ளி அரைஞாண் பத்தி யாரும் யோசிக்கறதே இல்ல, குனிஞ்சு வேலை செய்யும்போது சட்டை தூக்கினா அது நேரா டெர்மினல்ல படும், அதையும் கேட்டு கழட்ட வச்சேன்.

எல்லாம் ஆஃப், பூட்டு போட்டாச்சு, கெப்பாசிட்டருக்கு டைம் விட்டு டிஸ்சார்ஜும் பண்ணியாச்சு. மீட்டரை முதல்ல ஜெனரேட்டர் சாக்கெட்ல வச்சு வேலை செய்யுதான்னு பார்த்தோம், அப்புறம் பஸ்பார்ல, திரும்ப சாக்கெட்ல. பஸ்பார் ஜீரோ. பிளான்ல எழுதினபடி ஒவ்வொரு அவுட்கோயிங் (கரண்ட் வெளிய போற) சுவிட்சோட கீழ் டெர்மினலையும் பார்த்துகிட்டே வந்தோம். "ஸ்பேர்"னு எழுதின ஒரு சுவிட்ச், ஆஃப்லதான் இருக்கு, கீழ 410 வோல்ட்! நாங்க கேபிள் கட்டப்போற இடத்துல இருந்து ஒரு சாண் தூரம்.

உடனே எல்லாரும் வெளிய வந்துட்டோம். தேடிப் பார்த்தா முன்னாடி காலத்துல ப்ளோயர் பேனலுக்கு இழுத்த பழைய கேபிள் ஒண்ணு இன்னும் அந்த சுவிட்ச்ல கனெக்ட் ஆகியே இருக்கு. ஜெனரேட்டர் ப்ளோயர் பேனலுக்கு கொடுத்த கரண்ட் அது வழியா ரிவர்ஸ்ல மெயின் பேனலுக்கு வந்துகிட்டு இருந்துது. அந்த அண்ணனுக்கே தெரியாது, அவர் சேர்றதுக்கு முன்னாடி போட்டதாம். ஜெனரேட்டரையே ஆஃப் பண்ணி ப்ளோயரை கொஞ்ச நேரம் நிறுத்தி அந்தப் பக்க நுனியை கழட்டி டேப் சுத்தினோம். மறுபடி முதல்ல இருந்து எல்லா டெஸ்டும். பஸ்பாரை ஷார்ட் பண்ணி எர்த் பண்ண பிறகுதான் ஸ்பேனரையே எடுத்தோம்.

கேபிள் கட்டுறது சீக்கிரமே முடிஞ்சுது, டூல்ஸை எண்ணினோம், ஆளுங்களையும் எண்ணினோம், எர்த்தை எடுத்தோம், மெகர் வச்சு இன்சுலேஷன் நல்லா இருக்கான்னு பார்த்தோம், அவங்கவங்க பூட்டை அவங்கவங்களே கழட்டினாங்க. சப்ளை கொடுத்த பிறகு ஃபேஸ் வரிசை பார்க்க மட்டும் லைவ்ல மீட்டர் வைக்கணும், அதுக்கு காத்தடிச்சு ஓட்டை இல்லன்னு செக் பண்ண கிளவுஸ், முகத்துக்கு ஷீல்டு, காலுக்கு கீழ ரப்பர் மேட்டு, பக்கத்துல இன்னொரு ஆள்.

பாய்கிட்ட பேசி புது டிராயிங் போட்டு லேமினேட் பண்ணி பேனல் ரூம்ல மாட்டியாச்சு, "ஸ்பேர்" ஸ்டிக்கரை கிழிச்சு அந்த பழைய கேபிளையே ரெண்டு பக்கமும் கழட்டிட்டோம். அடுத்த ஷெட் வருமாம், அதுக்கு பஸ்பாரை திறக்காமலே கட்டுற மாதிரி தனி அறையோட ஒரு எம்சிசிபியை (பெரிய பிரேக்கர்) இப்பவே வச்சாச்சு.