ரம்மியோடு நிற்கக் கூடாது
அக்கா பையன் ஏழாவது படிக்கிறான். அவன் ஆடும் கேமில் காசு கட்டினால் ஒரு பெட்டி சுழலும். திறந்த பிறகுதான் உள்ளே இருப்பது தெரியும். சுழற்சி அரிய துப்பாக்கியின் படத்துக்குப் பக்கத்தில் வந்து, நிற்பதுபோல் நின்று நகர்ந்துவிடும். “இன்னும் ஒரே ஒரு தடவை மாமா” என்கிறான்.

லூட் பாக்ஸ் என்கிறார்கள். சூதாட்டம்தான், வேறென்ன? பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-லேயே அப்படிச் சொன்னது. பல கம்பெனிகள் அங்கே பெட்டி விற்பதை நிறுத்தின.

தமிழ்நாட்டின் 2025 விதிகள் ரம்மி போல பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடுத்தன. அதே ஆண்டு மத்திய சட்டம் அவற்றை எல்லோருக்குமே தடை செய்தது. மனதார வரவேற்கிறேன். ஆனால் பிள்ளைகள் கேமுக்குள் இருக்கும் இந்தப் பெட்டியையும் பெயர் சொல்லித் தடுக்க வேண்டும்.

யுபிஐ பின் நம்பர் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.