வெள்ளாமைக் காலத்தில் ஒரு சுயவிபரக்கோவை

நவம்பர் 9

மட்டக்களப்புக் கல்லடியில் இரவு முழுக்க மழை. ட்யூட்டி முடிந்து வந்தும் தூக்கம் வரவில்லை, லெப்டொப்பைத் திறந்து என் சுயவிபரக்கோவையைப் பார்த்தேன். மருத்துவ பீடத்தில் விரிவுரையாளராகப் போக வேண்டும் என்பது மூன்றாம் வருடத்திலிருந்து இருக்கும் ஆசை. ஆனால் 'ஆய்வுகளும் வெளியீடுகளும்' என்ற தலைப்புக்குக் கீழே இரண்டே வரிகள். ஒன்று கடைசி வருடக் குழு ஆய்வு, மற்றது ஒரு மாநாட்டில் போட்ட போஸ்டர்.

மூன்றாவதும் இருந்திருக்க வேண்டும். ஹவுஸ் ஒபிசராக (பயிற்சி டாக்டராக) இருந்த காலத்தில் ஓர் ஆய்வுக்காக மூன்று மாதம் நோயாளர் குறிப்பேடுகளான பெட் ஹெட் டிக்கெட்டுகளைப் புரட்டி எக்செலில் ஏற்றிக் கொடுத்தேன். பேப்பர் வந்தபோது ஆசிரியர் பட்டியலிலும் நான் இல்லை, நன்றி சொல்லும் பகுதியிலும் இல்லை. அப்போது அழுதேன், யாரிடமும் கேட்கவில்லை. வேலை தொடங்கிய முதல் நாளே 'இதில் என் பங்கு என்ன, பேர் எங்கே வரும்' என்று கேட்டு ஓர் ஈமெயில் போட்டிருக்க வேண்டும். ஜூனியர்கள் யாராவது இதை வாசித்தால் அதைச் செய்யுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

நவம்பர் 14

இன்று பேர்ப் பிரச்சினை. எங்கள் வழக்கப்படி அப்பாவின் பேர் முன்னால், என் பேர் பின்னால். பட்டச் சான்றிதழில் அப்பாவின் பேர் முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கிறது, பாஸ்போர்ட்டில் முழுதாக இருக்கிறது, போஸ்டர் போட்ட மாநாட்டு மலரில் அப்பாவின் பேரே குடும்பப் பேராகிவிட்டது. போதாததற்கு ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஓரிடத்தில் வேறு. தேடுதளத்தில் பார்த்தால் நான் இரண்டு ஆட்கள்! நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேரின் வேலை இப்படிப் பிரிந்து கிடக்கிறதோ.

ஓர்கிட் என்று 2012 முதல் இருக்கிற ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண்ணை இலவசமாக எடுத்துக்கொண்டேன், பத்து நிமிட வேலை. இனி எங்கே எழுதினாலும் ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே வரிசை என்றும் முடிவு செய்தாயிற்று. முதல் போஸ்டருக்கு முன்னாலேயே இதைச் செய்திருக்கலாம்.

நவம்பர் 22

ஆஸ்பத்திரி வோட்டில் வவுணதீவுப் பக்கத்து ஐயா ஒருவர். சீனி வருத்தம் உண்டு, விதைப்புக்கு வயல் வட்டைக்குள் இறங்கி நின்றவர், ஒன்பது நாளாகக் காய்ச்சல். இரத்தத்தில் வளர்ந்த கிருமியை முதலில் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி என்றார்கள். மறுகா நுண்ணுயிரியல் மெடமே போன் எடுத்து, "ஜென்டாமைசின் மருந்துக்கு அசையவில்லை, கோ-அமொக்சிக்ளாவுக்கு அடங்குகிறது, மெலியோய்டோசிஸாக இருக்கலாம், மெரோபெனம் ஊசி தொடங்குங்கள்" என்றார். சேற்றிலும் தண்ணீரிலும் இருக்கிற ஒரு கிருமியால் வரும் வருத்தம் அது. இலங்கையில் 1927 இலேயே பதிவாகியிருந்தும், வேறு காய்ச்சல் என்று நினைத்து எத்தனை பேரைத் தவறவிட்டிருப்போம் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

மெடம் என்னைக் கேஸ் ரிப்போர்ட், அதாவது இந்த ஒரு நோயாளியைப் பற்றி மருத்துவ இதழுக்கு ஒரு கட்டுரை, எழுதச் சொன்னார்.

நவம்பர் 25

சம்மதப் படிவத்தைக் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலில் நூல் சுற்றியிருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தவர், உங்கள் பேரும் படமும் எங்கேயும் வராது என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். "ஏன் புள்ள என்ட பேர் வராது? நான் என்ன களவா எடுத்தன்?"

விளங்கப்படுத்தினேன். சிரித்தார், ஊசி ஏறாத கையால் மெதுவாகக் கையெழுத்து வைத்தார். பிறகு பசளை போடும் நாள் தள்ளிப்போகிறதே என்ற கவலைக்குப் போய்விட்டார்.

டிசம்பர் 2

என் கோவையை மெடம் அச்செடுத்து வைத்துச் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தார். முழுக் கட்டுரை, கேஸ் ரிப்போர்ட், மாநாட்டுச் சுருக்கம் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாதாம். தனித்தனித் தலைப்புப் போட்டு, புதியது மேலே வர, ஆசிரியர் வரிசையை மாற்றாமல் என் பேரைத் தடித்த எழுத்தில் காட்ட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நேர்முகத்தில் ஐந்து நிமிடம் பேச முடிய வேண்டும் என்றார். பேச முடியாத வரியை வெட்டு என்றார்.

அப்புறம் கடைசி வருட ஆய்வைப் பற்றிக் கேட்டார். நீரிழிவுக் கிளினிக்குக்கு வருகிறவர்களின் பாதப் பராமரிப்பு பற்றியது, மாதிரி அளவு, சூத்திரத்தில் வந்து மருத்துவ மாணவர் எல்லோருக்கும் மனப்பாடமான அந்த 384 பேர். எழுதி முடிக்காமல் விட்டுவிட்டோம். ஆய்வு நெறிமுறையைப் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியின் அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். இருக்கிறது. தரவு சேர்த்து முடித்தபிறகு அனுமதி கேட்டால் எந்தக் கமிட்டியும் கொடுக்காது, அந்தக் கடிதம் இல்லையென்றால் 384 படிவமும் வெறும் கடதாசிதான். குழுவில் ஐந்து பேர், இரண்டு பேர் வெளிநாட்டில். எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறேன், இப்படியான ஆய்வை எழுதும்போது சரிபார்க்கிற ஸ்ட்ரோப் பட்டியலின் 22 அம்சங்களையும் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம்.

டிசம்பர் 11

கூட வேலை செய்யும் அண்ணா ஒருவர், தானும் விண்ணப்பிக்கப் போவதால் ரிப்போர்ட்டில் தன் பேரையும் போடும்படி கேட்டார். இரவெல்லாம் மனது குழம்பியது. அவர் எத்தனையோ நாள் எனக்காக ட்யூட்டி மாறியவர். ஆனால் மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு ஒருவரின் பேரைப் போட நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: வேலையில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், முழுவதற்கும் பொறுப்பு. நான்கும் வேண்டும்.

பேர் போடாமல் விடப்பட்டவள் நான். செய்யாதவரின் பேரைப் போடுவதும் அதே அநியாயத்தின் மறுபக்கம்தான். "அண்ணா, முந்திய கேஸ்களைத் தேடி ஒப்பிட்டு எழுதுகிற பகுதியை நீங்கள் எடுங்கள், பேர் தானாக வரும்" என்றேன். சரி என்றார். இன்று 14 கட்டுரை அனுப்பியிருக்கிறார்.

டிசம்பர் 19

'மதிப்புக்குரிய பேராசிரியரே' என்று தொடங்கி, ஏழு நாளில் வெளியிடுவதாக ஓர் ஈமெயில். நான் பேராசிரியர் இல்லை. காசு வாங்கிக்கொண்டு யாரும் சரிபார்க்காமல் போடுகிற இதழ்கள் இவை, ஒருமுறை மாட்டினால் திரும்ப எடுப்பதும் கஷ்டம். தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு அந்தப் பேர்கள் தெரியும். இதழைத் தேர்ந்தெடுக்கமுன் மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட்டிலும், யாரும் இலவசமாக வாசிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களின் கோவையான டோஜிலும் (DOAJ) தேடிப் பாருங்கள், ஆசிரியர் குழுவில் நீங்கள் அறிந்த யாராவது இருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

ஜனவரி 21

விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் 24 ஆம் திகதி. ரிப்போர்ட் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, இன்றைக்கே அனுப்பினால் 'பரிசீலனையில்' என்று ஒரு வரி சேர்க்கலாம், கை அரிக்கிறது. ஆனால் ஐயா குளிசைக்கு மாறி ஏழு கிழமைதான் ஆகிறது. அந்தக் கோ-ட்ரைமொக்சசோல் குளிசை குறைந்தது மூன்று மாதம் வேண்டும், இடையில் விட்டால் வருத்தம் திரும்பி வரும், அவர் முழுதாகச் சுகமானாரா என்பது இல்லாமல் அந்தக் கேஸ் பாதிக் கேஸ்.

காலையில் கிளினிக்கில் பார்த்தேன். முகம் தெளிந்திருக்கிறது, குளிசைக் கார்ட்டைச் சேர்ட் பொக்கற்றுக்குள்ளிருந்து எடுத்து எண்ணிக் காட்டினார், ஒன்றும் விடவில்லை. "வெள்ளாமை வெட்டு முடிய வாறன் புள்ள" என்றார்.

அந்த வரி இல்லாமலே விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.