குன்னூர் ஈரத்தில் ஒரு காசுப் பதிவேடு

போன ஐப்பசி மழையில் என் நாணய நோட்டில் பாதி போய்விட்டது. அந்த மழைக்கு குன்னூரில் சுவரே வியர்க்கும். அலமாரியின் அடித்தட்டில் இருந்த நோட்டில் பூஞ்சணம் பிடித்து, ஜெல் பேனா மை பரவி, பல பக்கங்களைப் படிக்கவே முடியவில்லை. காசுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எது யாரிடமிருந்து வந்தது என்ற விவரம் அழிந்துவிட்டதே, அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

தை மாதம் மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை கெட்டி அட்டைகள். ஒரு காசுக்கு ஓர் அட்டை, ஓர் எண். எழுதுவது பென்சிலில் மட்டும். காசு வைக்கும் காகித உறைக்கும், போனில் எடுக்கும் இரு பக்கப் படங்களுக்கும் அதே எண்தான். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றிவிடுகிறேன். பழைய பிவிசி உறைகளை மொத்தமாகத் தூக்கிப் போட்டாயிற்று. நாளாக ஆக அவை செம்பின்மேல் பச்சைப் பசையைப் படியவிடும்.

எடை பார்ப்பதில் சிக்கல் இல்லை. 1835 கிழக்கிந்தியக் கம்பெனிக் காலணாவின் சரியான எடை 6.48 கிராம். என்னிடம் இருப்பது 6.31, தேய்ந்த காசு.

ஆண்டுதான் பாடாய்ப் படுத்தியது. விக்டோரியா ராணி ரூபாயில் 1862 என்று இருந்ததால், அந்த வருடமே அடித்தது என்று எழுதி வைத்திருந்தேன். உண்மையில் 1874-ல் ஆண்டை மாற்றும்வரை 1862 என்றே போட்டு அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இது தெரிந்த அன்றே எல்லா அட்டைகளிலும் நடுவில் ஒரு கோடு கிழித்தேன். இடப்பக்கம் ‘கண்டது’, வலப்பக்கம் ‘கருதுவது’. ‘1862’ இடப்பக்கம் போனது. ‘1862 முதல் 1873க்குள்’ என்பது வலப்பக்கம்.

அந்தக் கோட்டின் அருமை திப்பு சுல்தானின் யானைக் காசில் புரிந்தது. பழைய நோட்டில் தப்பித்த ஒரு பக்கத்தில் ‘5221?’ என்று எழுதியிருந்தேன். பக்கத்திலேயே, லென்ஸில் தெரிந்த எழுத்துகளை அப்படியே வரைந்தும் வைத்திருந்தேன். திப்பு சுல்தான் காசில் மௌலூதி ஆண்டை, அதாவது அவரே கொண்டுவந்த ஆண்டுக் கணக்கை, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டுமாம். அப்படிப் பார்த்தால் 1225. படித்தது தப்பு, வரைந்தது சரி. 1799 வரை நீலகிரி மைசூர் ஆட்சியில் இருந்ததால், இந்தக் காசு இந்த மலையிலேயே புழங்கியது என்று எழுதக் கை துறுதுறுத்தது. ஆனால் விற்றவருக்கே அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டேன்.

கோத்தகிரிப் பெரியம்மாவின் ஓட்டைக் காலணா அப்படியில்லை. 1943-ல் வந்தது, போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் துளை விட்டு அடித்த காசு. அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “எனக்கு நடை பழகறப்ப உங்க தாத்தா அரைஞாண் கயித்துல கோத்துக் கட்டுனது கண்ணு. இதையெல்லாமா எழுதுவ?”

எழுதினேன். அவர் சொன்ன வார்த்தையிலேயே, சொன்ன தேதியோடு. லென்ஸில் பார்த்தால் துளையின் ஒரு பக்க விளிம்பு மட்டும் மழமழவென்று தேய்ந்திருக்கிறது. அது ‘கண்டது’. கயிறு உரசியதால் தேய்ந்தது என்பது ‘கருதுவது’.

147 காசுகளில் 61 அட்டை முடிந்திருக்கிறது. பெரியம்மாவிடம் பரணில் இன்னொரு டப்பா இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை அட்டைகளை எடுத்துக்கொண்டு போகிறேன்.