பார்வையற்றவர்களோடு ஒரு செயலியைச் சோதித்துப் பார்க்கும்போது

பேருந்து முன்பதிவுச் செயலி ஒன்றைப் பார்வை மாற்றுத்திறனாளிகளோடு சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். ஆள் வந்து எதிரே உட்கார்ந்த பிறகுதான் ஆய்வு தொடங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அழைப்புச் செய்தியிலேயே பாதி பேரை இழந்துவிடுகிறோம்.

அழகாக வடிவமைத்த போஸ்டரை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், ஆண்ட்ராய்டு போனில் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் பெரும்பாலும் அதைப் படம் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஆகவே அழைப்பை எழுத்தாகவே அனுப்ப வேண்டும், அதுவும் எந்தக் கருவியும் தமிழாகவே புரிந்துகொள்ளும் யூனிகோடு முறையில். ஒப்புதல் படிவத்தைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாமினியில் கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது, உள்ளே ‘எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்’ என்ற ஆங்கிலத் தட்டச்சு. திரைவாசிப்பான் அதைத்தான் உளறும். படிவத்தை முந்தின நாளே அனுப்பிவிட்டு, சம்மதத்தைக் குரல் பதிவாக வாங்கிக்கொள்வது நல்லது. வந்த இடத்தில் தாளை நீட்டி “இங்கே கையெழுத்துப் போடுங்கள்” என்பது மரியாதையே இல்லை. படிக்க முடியாததற்குச் சம்மதம் வாங்குகிறோம்.

ஒரு சுற்றுக்கு ஆறு பேர் போதும், ஆனால் ஆறு பேரும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது. பிறவியிலேயே பார்வையில்லாதவர், நடுவயதில் இழந்தவர், எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர் என்று கலந்து எடுக்கிறோம். டாக்பேக்கை இப்போதுதான் கற்றுக்கொள்பவர் ஒருவராவது கட்டாயம் வேண்டும். கைதேர்ந்தவர்கள் மட்டும் வந்தால் எந்தக் குறையையும் ஏதோ ஒரு வழியில் தாண்டிவிடுவார்கள். குறை நம் கண்ணில் படாமலே போய்விடும்.

சோதனை அவரவர் போனில்தான் நடக்க வேண்டும். குரல், வேகம், சைகைகள் எல்லாம் அவர் பழகிய அமைப்பில் இருக்கும். நம் போனைக் கொடுத்தால் நாம் சோதிப்பது செயலியை அல்ல, புதுப் போனைச் சமாளிக்கும் திறமையை. படமாக வரைந்த மாதிரித் திரைகளும் உதவாது, அவற்றில் டாக்பேக் படிக்க ஒன்றுமே இருக்காது. எளிய ஹெச்டிஎம்எல் இணையப் பக்கமாவது வேண்டும். நிறுவ, அனுமதிகள் கொடுக்க, இடையில் ஓய்வெடுக்க என்று 60 நிமிட அமர்வை 90 நிமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். துணைக்கு வந்தவர் இவருக்காகப் பதில் சொல்ல ஆரம்பித்தால், பணிவாக வெளியே தேநீருக்கு அனுப்பிவிடலாம். ஆட்டோ செலவு இருவழிக்கும் நம்முடையது, மதிப்பூதியத்துக்குள் அடங்காது.

பலரும் சறுக்கும் இடம், “நினைப்பதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்” என்று கேட்பது. டாக்பேக் பேசும்போது அவரும் பேசினால் இரண்டுமே கேட்காது. ஒரு வேலையை முழுக்க முடிக்க விடுங்கள், அதன் பிறகு கேளுங்கள். “மெதுவாகப் பேச வையுங்கள்” என்றும் சொல்லாதீர்கள், அந்த வேகம் அவருடைய வாசிப்பு வேகம். டாக்பேக்கின் டெவலப்பர் அமைப்புகளில், பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வசதி உண்டு. அவர் அனுமதித்தால் அதை இயக்கிவிட்டு நாம் படித்துக்கொள்ளலாம், முடிந்ததும் மறக்காமல் அணைத்துவிட வேண்டும். திரைப்பதிவில் டாக்பேக் குரல் பதிவாகாமல் போவதுண்டு. தோளுக்குப் பின்னால் ஸ்டாண்டில் இன்னொரு போனை வைத்துப் பதிவுசெய்வதே நம்பகம்.

பேருந்துச் செயலியில் கதை கந்தலாவது இருக்கை வரைபடத்தில். நாற்பது சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் விரல் படும்போது “பெயரிடப்படாதது, பட்டன்”, “பெயரிடப்படாதது, பட்டன்”. பெண்களுக்கான இருக்கை இளஞ்சிவப்பு, விற்றது சாம்பல். நிறம் காதுக்கு எட்டாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் “14, காலி, ஜன்னல் ஓரம், பெண்களுக்கு” என்று விவரம் எழுத வேண்டும். எண்ணும் காலியா என்பதும் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு: முதல் ஓரிரு சொல் காதில் விழுந்ததுமே தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். பெயரில் ‘பட்டன்’ என்று நாமும் சேர்க்கக்கூடாது, “தேடு பட்டன், பட்டன்” என்று ஒலிக்கும். வரைபடத்துக்கு மேலே ‘காலி இருக்கைகள் மட்டும்’ என்ற பட்டியலும் கொடுத்தால் நாற்பது முறை விரலை இழுக்கத் தேவையில்லை.

அடுத்தது ஓடிபி. ஆறு இலக்கத்துக்கு ஆறு பெட்டி வைத்தால் ஆறு முறை தடுமாற்றம். ஒரே பெட்டி போதும். முப்பது விநாடிக் கணக்கை ஒவ்வொரு விநாடியும் அறிவிக்கும்படி விட்டுவிட்டால், “29, 28, 27” என்ற சத்தத்தில் குறுஞ்செய்தியைக் கேட்கவே முடியாது. நேரம் முடியப்போகும்போது ஒருமுறை சொன்னால் போதும், நேரத்தை நீட்டிக்கும் வழியும் வேண்டும். பிழைச் செய்தி சிவப்பில் மட்டும் வந்தால் அவருக்கு அமைதிதான் கேட்கும். பிழையான பெட்டிக்கே கவனக்குறியை, அதாவது டாக்பேக் அப்போது வாசிக்கும் இடத்தை, கொண்டுபோங்கள்.

எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவரிடம் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று வெளிப்படும். பட்டனின் உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளந்து பூட்டியிருப்பார்கள். 200 சதவீதத்தில் மேல்கொக்கியும் கீழ்ச்சுழியும் வெட்டுப்பட்டு, ‘கு’வா ‘கூ’வா என்றே தெரியாது, ‘முன்பதிவை உறுதிசெய்’ என்பதில் ‘முன்பதி’யோடு நின்றுவிடும். உயரத்தைப் பூட்டாமல் விட்டு, சொற்கள் அடுத்த வரிக்கு இறங்க இடம் கொடுக்க வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 மாறுபாடு என்பது டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் வழிகாட்டி சொல்லும் குறைந்தபட்சம். மெல்லிய தமிழ் எழுத்துருவுக்கு அதற்கும் மேலே போங்கள்.

திருத்திய பிறகு அதே ஆறு பேரில் இருவரையும், புதிதாக இருவரையும் மறுபடி அழைக்கிறோம். என்ன மாறியது, எது இன்னும் மாறவில்லை என்று முதல் ஆறு பேருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பிவிடுகிறோம்.